கையெழுத்து இடாத கடிதம்

1896-ஆம் ஆண்டு ஆகஸ்டு 29-ஆம் நாள், மதுரையில் பதினாறு வயது மாணவன் ஒருவன் தன் அண்ணனுக்குச் சில வரிகளில் ஒரு கடிதம் எழுதி வைத்துவிட்டு வீட்டை விட்டு வெளியேறினான். செப்டம்பர் முதல் நாள் திருவண்ணாமலையை அடைந்தான். அதன்பின் 1950-இல் உயிர் துறக்கும் வரை அவ்வூரை விட்டு அகலவே இல்லை. அருப்புக்கோட்டைக்கு அப்பால், குண்டாற்றின் கரையில் உள்ள திருச்சுழியில் பிறந்த அந்த வேங்கடராமனைத்தான் உலகம் பின்னாளில் இரமண மகரிஷி என்று அறிந்தது. அவருடைய வரலாற்றை எழுதியோர் அக்கடிதத்தைத் தவறாமல் குறிப்பிடுகின்றனர். நாம் அதை இங்கே ஓர் இலக்கியப் பிரதியாக எடுத்துக்கொண்டு படித்துப் பார்க்க விரும்புகிறோம்.

மறைமாவட்ட இதழ் ஒன்றில் இக்கடிதத்திற்கு என்ன வேலை என்று கேட்கும் அன்பர்கள் இருக்கலாம். கேட்பது நியாயமே. பவுலடியார் பிலிப்பியருக்கு எழுதிய திருமுகத்தின் மூன்றாம் அதிகாரத்தை நாம் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் வாசகமாகக் கேட்டிருக்கிறோம். கேட்டுக் கேட்டே அதன் கூர் நமக்கு மழுங்கிவிட்டது. நம் வீட்டுக் கத்தியைத் தீட்ட அடுத்த வீட்டுச் சாணைக்கல் உதவுமானால், அதை இரவல் வாங்குவதில் நமக்கு வெட்கமில்லை.

கடிதத்தின் நடையை முதலில் கவனிப்போம். முதல் வாக்கியத்தில் எழுதுபவன் தன்னை 'நான்' என்று குறிக்கிறான். தன் தகப்பனாரைத் தேடி, அவருடைய உத்தரவின்படி புறப்படுவதாகச் சொல்கிறான். ஈன்ற தந்தை சுந்தரம் ஐயர் 1892-லேயே மறைந்துவிட்டார்; இங்கே குறிக்கப்படும் தகப்பனார் இறைவனே. அடுத்த வாக்கியத்திலேயே 'நான்' மறைந்துவிடுகிறது. அதன் இடத்தில் 'இது' வந்து அமர்கிறது. இதற்காக யாரும் வருந்த வேண்டாம், இதைத் தேடப் பணம் செலவிட வேண்டாம் என்கிறான். கடைசியில் பெயர் எழுத வேண்டிய இடத்தில் பெயர் இல்லை. ஒரு கோடு மட்டுமே உண்டு. சில வரிகளுக்குள் ஒரு மனிதன் தன்மையிலிருந்து படர்க்கைக்கு இறங்கி, படர்க்கையிலிருந்தும் நழுவி, ஒரு கோடாகிப் போகிறான். இதை அவன் இலக்கிய உத்தியாகச் செய்யவில்லை என்பதே இதன் வலிமை. இக்கடிதத்தில் இன்னொரு செய்தியும் உண்டு. மிகச் சாதாரணமான செய்தி. அதைக் கட்டுரையின் இறுதியில் பார்ப்போம்.

அவன் பிறந்த ஊரின் பெயரையும் ஒருகணம் எண்ணிப் பார்க்கலாம். ஊழிவெள்ளம் சுழித்து நிலத்துள் இறங்கிய இடம் ஆதலால் சுழியல் என்று பெயர் பெற்றதாகத் தலபுராணம் கூறும். தமிழில் சுழி என்பது நீர்ச்சுழலை மட்டும் குறிப்பதன்று. எண்களில் ஒன்றுமில்லாமையைக் குறிக்கும் வட்டமும் சுழியே. கடிதத்தின் தலையில் இடும் தொடக்கக் குறியும் சுழியே. ஏட்டில் எழுதியதை அடித்து நீக்குவதையும் சுழித்தல் என்பர். ஒன்றுமில்லாமை, தொடக்கம், நீக்கம் என்ற மூன்றையும் ஒரு சொல் தாங்கி நிற்கிறது. பிலிப்பியர் திருமுகத்தின் மூன்றாம் அதிகாரத்துக்கு இதைவிடப் பொருத்தமான தமிழ்ச் சொல்லை நாம் தேட வேண்டியதில்லை.

இனிப் பவுலடியாரிடம் வருவோம். அவர் எழுதுவது சிறையிலிருந்து. படிப்போர் வாழும் நகரம் பிலிப்பி. அது உரோமைக் குடியேற்ற நகரம்; தாம் வகித்த பதவிகளையும் பெற்ற சிறப்புகளையும் வரிசையாகக் கல்லில் பொறித்து வைப்பதில் பெருவிருப்புக் கொண்ட நகரம். அத்தகைய கல்வெட்டுகள் பல அங்கே கிடைத்துள்ளன. பவுலும் அதே பாணியில் ஒரு பட்டியல் தருகிறார். எட்டாம் நாளில் விருத்தசேதனம் பெற்றவர், இஸ்ரயேல் இனத்தவர், பென்யமீன் குலத்தவர், எபிரேயருக்குப் பிறந்த எபிரேயர், திருச்சட்டத்தைப் பொறுத்தவரை பரிசேயர், ஆர்வத்தில் திருச்சபையைத் துன்புறுத்தியவர், சட்டத்தின்படி குற்றமற்றவர். பிறப்பில் தொடங்கி ஒழுக்கத்தில் முடியும் இந்த ஏழு வரிகளை ஒரு கல்லில் பொறித்திருந்தால் பிலிப்பி நகரத்தார் மதிப்போடு நின்று படித்திருப்பர்.

ஆனால் பட்டியல் முடிந்த இடத்தில் நடை மாறுகிறது. பவுல் கணக்கரின் மொழியில் பேசத் தொடங்குகிறார். ஆதாயம், இழப்பு என்ற வாணிகச் சொற்கள் அடுக்கி வருகின்றன. வரவுப் பக்கத்தில் எழுதியிருந்த அனைத்தையும் கிறிஸ்துவின் பொருட்டு இழப்புப் பக்கத்துக்கு மாற்றிவிட்டதாகச் சொல்கிறார். அதோடும் நிற்கவில்லை, அவற்றைக் குப்பை என்று கருதுவதாகவும் சொல்கிறார். மூலமொழிச் சொல் நம் குப்பை என்ற சொல்லைவிடக் கடுமையானது; கழிவையும் சாணத்தையும் குறிக்க வல்லது. பருத்தியும் மிளகாய் வற்றலும் நிறுத்துப் பேரேட்டில் பற்று வரவு எழுதிப் பழகிய நம் கரிசல் பூமி மக்களுக்கு இந்த மொழி எளிதில் விளங்கும். நட்டம் வந்த வணிகர் பலரை நாம் கண்டிருக்கிறோம். இலாபத்தைத் தாமே அடித்து நட்டமென்று எழுதிய வணிகர் எவரையும் கண்டதில்லை.

இங்கே ஒரு விமர்சனக் கேள்வி எழுகிறது. விட்டுவிட்டேன் என்று சொல்பவர் விட்டவற்றை ஏன் இத்தனை விரிவாக எண்ணிக் காட்ட வேண்டும்? இது தற்பெருமையின் வேறொரு வடிவம் ஆகாதா? இக்கேள்வியை நாம் மறைக்கத் தேவையில்லை. விடையை அதே அதிகாரத்தில் பவுலே தருகிறார். தாம் இன்னும் அடைந்துவிடவில்லை, நிறைவு பெற்றுவிடவில்லை, ஓடிக்கொண்டே இருப்பதாக உடனே எழுதுகிறார். துறவைக்கூட அவர் வரவுப் பக்கத்தில் எழுத மறுக்கிறார். கிறிஸ்து தம்மைப் பற்றிக்கொண்டார், ஆகவே தாம் ஓடுகிறார். பிடித்தது அவருடைய கை. ஓடுவது மட்டுமே இவருடைய கால்.

சாதனைகளைத் துறந்து அருளால் வாழ்தல் என்பதன் உயிர்நாடி இதுவே என்று நாம் கருதுகிறோம். துறத்தலை நம் முயற்சியால் செய்து முடித்த செயலாக ஆக்கினால், அது பழைய பேரேட்டில் புதிய வரவாகிவிடும். ஆலயத்தில் நின்று தான் மற்றவரைப்போல் இல்லை என்று நன்றி சொன்ன பரிசேயரின் உவமையைக் கேட்டதும், அந்தப் பரிசேயரைப்போல் நாம் இல்லை என்று நாமும் மனத்துக்குள் நன்றி சொல்லிக்கொள்கிறோம். கணக்குப் புத்தகம் மூடப்படவில்லை. கையெழுத்து மட்டும் அழகாகியிருக்கிறது.

இரு கடிதங்களையும் அருகருகே வைக்கும்போது நேரக்கூடிய பிழைகள் இரண்டு. எல்லாம் ஒன்றே என்று கலந்துவிடுவது ஒன்று. நம்முடையதே மெய், மற்றது வெறுமை என்று தள்ளிவிடுவது மற்றொன்று. பிற சமயங்களில் உள்ள உண்மையும் தூய்மையும் ஆனவற்றைத் திருச்சபை புறக்கணிப்பதில்லை என்று 1965-இல் இரண்டாம் வத்திக்கான் சங்கம் கற்பித்தது. அதற்கு முன்பே, 1949-இல், பிரான்சிலிருந்து தமிழகம் வந்திருந்த பெனதிக்து சபைத் துறவி ஹென்றி லெ சோ, பின்னாளில் அபிஷிக்தானந்தர் என்று அறியப்பட்டவர், இரமணரைத் தேடித் திருவண்ணாமலை சென்றார். அச்சந்திப்பு அவர் உள்ளத்தை ஆழமாகத் தொட்டது. இரு பெரும் நெறிகள் தமக்குள் மோதுவதன் வலியையும் அவர் வாழ்நாள் முழுதும் சுமந்தார். ஒப்பிடுதல் எளிய வேலையன்று என்பதற்கு அவர் வாழ்வே சான்று.

ஒற்றுமை வெளிப்படையானது. திருவண்ணாமலை சேர்ந்த இளைஞன் கையிலிருந்த காசைக் குளத்தில் எறிந்தான், குடுமியை மழித்தான், பூணூலைக் கழற்றி எறிந்தான், வேட்டியைக் கிழித்துக் கோவணமாக்கிக் கொண்டான். குலமும் உடைமையும் அடையாளமும் ஒரே நாளில் கழிந்தன. பவுலின் பட்டியலில் உள்ளவையும் ஏறக்குறைய இவையே. வேற்றுமை வேறிடத்தில் இருக்கிறது. திருச்சுழிக் கடிதத்தில் பெயரே கோடாகிறது. 'நான்' என்பது பொய்த்தோற்றம், அது கரைய வேண்டும் என்பதே அந்நெறியின் முடிவு. பிலிப்பியர் திருமுகத்திலோ பெயர் அழிவதில்லை. தொடக்கத்திலேயே பவுல் தம் பெயரை எழுதுகிறார். ஆனால் வேறு சில திருமுகங்களில் பெயரோடு சேர்த்து எழுதும் திருத்தூதர் என்ற பட்டத்தை இங்கே விட்டுவிட்டு, திமொத்தேயுவோடு சேர்ந்து தம்மைக் கிறிஸ்துவின் பணியாளர் என்று மட்டும் குறிக்கிறார். பட்டம் போயிற்று, பெயர் நின்றது.

ஏன் நின்றது? அதே திருமுகத்தின் இரண்டாம் அதிகாரத்தில், தம்மையே வெறுமையாக்கிய கிறிஸ்துவுக்கு எப்பெயருக்கும் மேலான பெயரைத் தந்தை அருளினார் என்று படிக்கிறோம். நான்காம் அதிகாரத்தில், உடன் உழைத்தோரின் பெயர்கள் வாழ்வின் நூலில் உள்ளன என்று படிக்கிறோம். பெயரை நாம் கல்லில் பொறிக்க வேண்டியதில்லை. வேறொருவர் அதை வேறொரு நூலில் எழுதி வைத்திருக்கிறார் என்பதே கிறிஸ்தவ நம்பிக்கை. நம் 'நான்' அழிக்கப்படுவதில்லை. தன்னைத் தானே தாங்கிக்கொள்ளும் சுமையிலிருந்து விடுவிக்கப்படுகிறது. இவ்வேற்றுமையைத் தெளிவாகச் சொன்ன பின்பும் ஒன்றை ஒப்புக்கொள்ளக் கடமைப்பட்டுள்ளோம். வாழ்வின் நூலில் பெயர் இருப்பதாக நம்பும் நாம் கல்லில் பெயர் தேடுகிறோம். அந்நம்பிக்கையில் வளராத ஒரு பிள்ளை பெயரில்லாமலே புறப்பட்டுப் போனான்.

அதே மண்ணில் எழுதப்பட்ட மூன்றாவது கடிதம் ஒன்றும் நம் நினைவுக்கு வருகிறது. திருச்சுழியும் ஓரியூரும் 1985 வரை ஒரே இராமநாதபுரம் மாவட்டத்தில் இருந்தவை. அதற்கு முன் சேதுபதிகளின் மறவர் சீமை. 1693 பிப்ரவரி 3-ஆம் நாள், ஓரியூர்ச் சிறையில், கரித்தூளை நீரில் குழைத்து மையாக்கி, துரும்பை எழுதுகோலாக்கித் தூய அருளானந்தர் தம் சபைத் தலைவருக்கு எழுதினார். மறுநாள் தலை வெட்டப்பட்டது. 1647-இல் லிஸ்பனில் உயர்குடியில் பிறந்து, அரண்மனையில் இளவரசர் பேதுருவின் பணிச்சிறுவராக வளர்ந்தவர் ஜான் தெ பிரித்தோ. 1686-இல் இச்சீமையில் பிடிபட்டுக் கொடுஞ்சித்திரவதை அடைந்து விடுதலை பெற்றார். பின் ஐரோப்பா சென்றபோது, அரசராகிவிட்ட பழைய தோழர் அவரை அங்கேயே நிறுத்திக்கொள்ள விரும்பினார். அவர் பட்ட பாடுகளே அங்கே மதிப்புமிக்க பதக்கங்களாகியிருக்கும். அவரோ 1690-இல் இந்தியா திரும்பி, மீண்டும் மறவர் சீமைக்கே வந்தார்.

நாம் வியப்பது அவர் துணிவை மட்டுமன்று. அரண்மனையைத் துறந்தது முதல் துறவு. துறந்ததனாலும் துன்புற்றதனாலும் கிடைத்த புகழைத் துறந்தது இரண்டாம் துறவு, அதுவே அரிது. ஓரியூர்க் கடிதத்தின் தொனி சாவை மகிழ்வோடு எதிர்நோக்கும் ஒருவரின் தொனியே தவிர, செய்து முடித்த பணிகளுக்குக் கணக்குக் காட்டும் தொனி அன்று. தமிழ் மண்ணில் அவர் ஏற்ற பெயரிலேயே இது அடங்கியிருக்கிறது. அருளில் ஆனந்தம் கொள்பவர் அருளானந்தர், ஆற்றலில் அல்லர். 1947-இல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது, அவர் தேடாத பெயர் அவருக்கு அளிக்கப்பட்டது.

இவ்வளவும் சொன்ன பிறகு நம் பங்குகளுக்குத் திரும்பாமல் இருக்க இயலாது. நம் ஆலயங்களில் குழல்விளக்கின் மீது உபயம், கெபியின் நெற்றியில் உபயம், கொடிமரத்தின் அடியில் உபயம். யார் பெயர் மேலே, யார் பெயர் கீழே என்பதில் திருவிழாக் குழுக்கள் பிளவுபட்டதும் உண்டு. கொடுப்பது நற்செயலே, அதில் ஐயமில்லை. நற்செயல்கள் அருளின் கனிகள், அருளுக்குக் கொடுக்கும் விலையல்ல என்பதே கத்தோலிக்கப் போதனை. இறைவனின் அருள் மனிதரின் எவ்விதத் தகுதிக்கும் முற்பட்டது என்று 1547-இல் திரிதெந்து சங்கம் கற்பித்தது. 1999-இல் லுத்தரன் சகோதரர்களோடு சேர்ந்து வெளியிட்ட கூட்டறிக்கையும் அதை உறுதி செய்தது. கனியைக் கண்டு மகிழலாம். கனியின் மீது நம் பெயரை எழுதி ஒட்டும்போதுதான் மரத்தை மறக்கிறோம்.

ஆயினும் பெயர்ப்பலகை சிறு நோய். பவுலின் பட்டியலில் முதலில் நிற்பவை பதவியும் கொடையும் அல்ல. இனமும் குலமுமே என்பதை மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டுகிறோம். அவர் முதலில் சுழித்த வரி பிறப்பின் வரி. உழைத்துப் பெற்ற சாதனையைக் குப்பை என்று சொல்ல நம்மில் சிலருக்கேனும் மனம் வரும். உழைக்காமல் பெற்ற சாதிப் பெருமையைக் குப்பை என்று சொல்ல நம் நாக்கு எழுவதில்லை. திருமுழுக்குத் தண்ணீர் நனைத்தும் அழியாத மையால் அதை எழுதி வைத்திருக்கிறோம்.

இங்கே இன்னொரு எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. இதே விருதுநகர் மாவட்டத்தில் பிறந்த பாமா, துறவற சபையில் சேர்ந்து பின் வெளியேறியவர், 1992-இல் வெளியிட்ட 'கருக்கு' என்னும் நூலை நம் வாசகர் பலர் அறிவர். திருச்சபைக்குள்ளும் சாதி எவ்வாறு வாழ்கிறது என்பதை ஒரு தலித் கத்தோலிக்கப் பெண்ணின் வாழ்விலிருந்து அந்நூல் காட்டியது. அதை ஒருபுறமும் பிலிப்பியர் திருமுகத்தை மறுபுறமும் வைத்துப் படிக்கும்போது ஒரு கேள்வி நம்மை உறுத்துகிறது. தன்னை வெறுமையாக்கு என்னும் போதனையை நாம் யாருக்குச் சொல்லி வந்திருக்கிறோம்? பவுலிடம் பட்டியல் இருந்தது. ஆகவே அவரால் அதைச் சுழிக்க முடிந்தது. பட்டியலே எழுத விடப்படாதவரிடம், முதல் தலைமுறையாகப் பள்ளி சென்று ஒரு பட்டம் பெற்றவரிடம், அதைக் குப்பையென்று கருது என்று பட்டியல் நிறைந்த நாம் சொல்வது நற்செய்தி அன்று. பவுல் தம் கணக்கைத்தான் அடித்தார். பிறருடைய கணக்கை அவர் தொடவில்லை. அருள் செருக்குற்றோரைத் தாழ்த்தும்போதே தாழ்நிலையில் இருப்போரை உயர்த்துகிறது என்பதை அன்னை மரியாவின் பாடலில் நாம் அறிவோம். ஒரே அருள், ஒருவருக்குப் பெயர்ப்பலகையை இறக்கச் சொல்லும். இன்னொருவருக்கு நீ பெயருள்ளவன், நீ பெயருள்ளவள் என்று முதன்முறையாகச் சொல்லும். இரண்டையும் பிரித்தறியாத பணிவுப் போதனை ஆதிக்கத்துக்கே துணைபோகும்.

இப்போது, இறுதியில் பார்ப்போம் என்று விட்டுவைத்த செய்திக்கு வருவோம். அன்று வேங்கடராமனிடம் அண்ணன் ஐந்து ரூபாய் எடுத்துச் சென்று தன் கல்லூரிச் சம்பளத்தைக் கட்டிவரச் சொல்லியிருந்தார். வழிச் செலவுக்கு மூன்று ரூபாய் போதுமென்று எண்ணிய மாணவன், மீதி இரண்டு ரூபாயைக் கடிதத்தோடு வைத்துவிட்டான். சம்பளம் இன்னும் கட்டப்படவில்லை, இரண்டு ரூபாய் இத்துடன் உள்ளது என்று கடிதத்தில் குறிப்பும் எழுதினான். 'நான்' என்பதையே கைவிட்டுச் செல்பவன் அண்ணனின் இரண்டு ரூபாயை மறக்கவில்லை.

பிலிப்பியர் திருமுகத்தின் முடிவிலும் ஒரு சிறு பணக்கணக்கு இருக்கிறது என்பதைக் கவனித்தபோது நாம் வியந்தோம். எப்பப்பிரதித்து கையில் பிலிப்பி மக்கள் அனுப்பிய உதவியைப் பெற்றுக்கொண்டதாகப் பவுல் எழுதுகிறார். கொடுத்தல் வாங்கல் கணக்கு என்ற சொற்களும் அங்கே வருகின்றன. பெற்றுக்கொண்டேன் என்பதற்கு அவர் ஆளும் சொல் அக்காலப் பற்றுச்சீட்டுகளில் வழங்கிய சொல். மூன்றாம் அதிகாரத்தில் தம் வாழ்வின் பேரேட்டையே அடித்தவர், நான்காம் அதிகாரத்தில் ஏழை நண்பர்களின் கொடைக்கு ஒழுங்காகப் பற்றுச்சீட்டு எழுதுகிறார்.

அருளால் வாழ்தல் என்றால் பொறுப்பைக் கைகழுவுதல் என்று எண்ணுவோருக்கு இவ்விரு சிறு கணக்குகளும் விடை கூறும். தன்னைப் பற்றிய பெருங்கணக்கு மூடப்படும்போதுதான், பிறருக்குத் தர வேண்டிய சிறுகணக்கு தெளிவாகக் கண்ணுக்குத் தெரிகிறது. நமக்கு வர வேண்டிய மதிப்பை எண்ணிக்கொண்டிருக்கும் வரையில், நாம் பிறருக்குத் தர வேண்டிய மதிப்பை எண்ண நேரமிருப்பதில்லை.

அடுத்த ஞாயிறு ஆலயத்தில் அமரும்போது தலைக்கு மேலுள்ள மின்விசிறியை அன்பர்கள் அண்ணாந்து பார்க்கலாம். பல இடங்களில் அதன் இறக்கைகளிலும் கொடுத்தவர் பெயர் இருக்கும். விசிறி நின்றிருக்கும்போது பெயரைப் படிக்கலாம். சுழலத் தொடங்கியதும் பெயர் தெரிவதில்லை. கீழே இருப்போர் அனைவர்க்கும், யார் எவர் என்று பாராமல், காற்று வருகிறது.